அமெச்சூர் என்னும் சொல்லும் ஐதராபாத்தின் குதிரைக்காரர்களும்

குதிரையேற்றப் போட்டியொன்றின் முடிவுத் தாளில் குதிரையின் பெயர் இருக்கும். ஏறியவரின் பெயர் இருக்கும். பெரும்பாலும் உரிமையாளர் பெயரும் பயிற்சி நிலையத்தின் பெயரும் இருக்கும். தடை தாண்டும் போட்டியாயின், கம்பம் விழுந்ததற்கு 4 தவறு, குதிரை மறுத்து நின்றதற்கு 4 தவறு, எடுத்துக்கொண்ட நேரம் என எல்லாம் நொடிக் கணக்கில் பதிவாகியிருக்கும். அந்தக் குதிரைக்கு அன்று காலை தண்ணீர் காட்டியவர் யார், அதன் குளம்பில் சிக்கிய கல்லை எடுத்தவர் யார், முந்தைய நாள் இரவு அது தீவனத்தைத் தொடாமல் நின்றதைக் கவனித்தவர் யார் என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் இடமில்லை. இதை வெறும் அச்சுக் குறை என்று கடந்துபோக முடியாது. ‘அமெச்சூர்’ என்ற பிரிவே இந்த விடுபடலின்மீதுதான் எழுப்பப்பட்டிருக்கிறது.

ஐதராபாத்தின் மேற்குப் புறநகரில், கண்டிப்பேட்டை ஏரியைத் தாண்டி மொயினாபாத் செல்லும் பக்கங்களில், குதிரையேற்றம் கற்பிக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. அங்கு விடியற்காலையில் வருவோரில் சிறுவர் மட்டுமல்லர். மென்பொருள் பொறியாளர்களும் மருத்துவர்களும் வணிகர்களும் உண்டு. முப்பது வயதைக் கடந்த பிறகு முதன்முறையாகச் சேணத்தில் ஏறியவர்கள் இவர்கள். விழுந்து எழுந்து, தொடைவலியோடு அலுவலகம் சென்று, மறுநாள் மீண்டும் வருகிறவர்கள். ஓரிரு ஆண்டுகளில் சிறிய போட்டிகளில் கலந்துகொள்ளவும் தொடங்குகிறார்கள். இவர்களது உழைப்பையோ ஆர்வத்தையோ ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆர்வத்துக்கு வைக்கப்பட்டிருக்கும் பெயரை ஐயுறத்தான் வேண்டும்.

முதலில் ஒரு நாளின் கணக்கைப் பார்க்கலாம். ஏறுபவர் குதிரையுடன் இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. எஞ்சிய இருபத்து மூன்று மணி நேரமும் குதிரை உயிரோடுதான் இருக்கிறது. நானூற்று ஐம்பது கிலோவுக்குக் குறையாத எடை. உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய இரைப்பை. வாந்தியெடுக்க இயலாத உடலமைப்பு. எனவே கொஞ்சங்கொஞ்சமாக, பலமுறை தீவனம் வைத்தாக வேண்டும். தீவனமும் தண்ணீரும் நேரமும் சிறிது பிசகினாலும் வயிற்றுவலி கண்டுவிடும். குதிரைகளின் சாவுக்கு முதன்மையான காரணங்களில் அதுவும் ஒன்று. ஐதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டும்போது ஒரு குதிரை நாளொன்றுக்கு 40 லிட்டருக்கும் மேல் தண்ணீர் குடிக்கக்கூடும். சாணமும் ஈரமும் கலந்த படுக்கை அன்றாடம் மாற்றப்பட வேண்டும். ஒவ்வொரு நாளும் நான்கு குளம்புகளையும் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீவி இலாடம் மாற்ற வேண்டும். ஓடி முடித்த குதிரையை மூச்சு தணியும்வரை நடத்த வேண்டும். இவை அனைத்தையும் செய்பவர் ஐதராபாத்தில் ‘சாயிஸ்’ என்று அழைக்கப்படுகிறார். நள்ளிரவில் குதிரை காலால் தரையைத் தேய்த்து, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தால், அது வயிற்றுவலியின் அறிகுறி என்று கண்டு மருத்துவரை அழைப்பவரும் அவரே. ஏறுபவர் பெரும்பாலும் அதை மறுநாள் கைப்பேசியில்தான் அறிகிறார்.

இனி அந்தச் சொல்லுக்கு வரலாம். அமெச்சூர் என்பது இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ‘நேசிப்பவர்’ என்பது அதன் பொருள். கூலிக்காகவன்றி, நேசத்துக்காக ஒன்றைச் செய்பவர் என்று அகராதிகள் விரித்துச் சொல்லும். ஆனால் விளையாட்டு நிறுவனங்கள் இச்சொல்லை ஆண்ட விதம் வேறு. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டிக்கு 1879இல் வகுக்கப்பட்ட வரையறை, கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளியையும் கைவினைஞரையும் அமெச்சூர் அல்லர் என்று விலக்கியது. அவர் படகு செலுத்திப் பணம் பெற்றாரா என்பது கேள்வியே இல்லை. உடலால் உழைத்துப் பிழைப்பவர் என்பதே குற்றம். நேசத்தைக் குறித்த சொல் நேசிக்கும் தகுதியைக் குறிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

குதிரையேற்றத்தில் இது இன்னும் அப்பட்டமாக இருந்தது. ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டிகளில் நெடுங்காலம் இராணுவ அதிகாரிகளும் ‘கனவான்களும்’ மட்டுமே அமெச்சூர்களாகக் கருதப்பட்டனர். அதிகாரி நிலைக்குக் கீழே உள்ள படைவீரர்கள் தொழில்முறையினர் என்று விலக்கப்பட்டனர். 1948இல் இலண்டனில் சுவீடன் அணி, குதிரை நடைப்பயிற்சியான டிரஸ்ஸாஜில் தங்கம் வென்றது. அவ்வணியின் கெனால் பெர்சன் உண்மையில் சார்ஜன்ட் நிலையில் இருந்தவர்; போட்டிக்காகத் தற்காலிகமாக அதிகாரியாக உயர்த்தப்பட்டவர். போட்டி முடிந்ததும் அவர் பழைய நிலைக்கே இறக்கப்பட்டார். செய்தி வெளிவந்ததும் 1949இல் அணியின் பதக்கம் பறிக்கப்பட்டது. 1952இல் விதி மாறியது; பெண்களுக்கும் கீழ்நிலை வீரர்களுக்கும் வழி திறந்தது. அதே மூவர் ஹெல்சிங்கியில் மீண்டும் தங்கம் வென்றார்கள். நான்காண்டுகளில் பெர்சனின் கையோ குதிரையின் முதுகோ மாறிவிடவில்லை. மாறியது வரையறை மட்டுமே. யார் நேசிப்பவர், யார் வெறும் கூலிக்காரர் என்பதைத் திறமையன்று, தோளில் குத்தப்பட்ட பட்டயமே முடிவு செய்தது.

இது ஐரோப்பாவின் பழங்கதை, ஐதராபாத்துக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். இந்நகரத்தின் வரைபடமே விடை சொல்லும். ஐதராபாத்தில் குதிரைப் பந்தயம் 1868இல் மௌலா அலியில் தொடங்கி, ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் காலத்தில், 1886இல் மலக்பேட்டைக்கு மாறியது. மாசாப் டேங்க்கை ஒட்டிய ஒரு பகுதிக்கு ‘ஃபர்ஸ்ட் லான்சர்’ என்று பெயர். ஈட்டி ஏந்திய குதிரைப்படையின் நினைவு அது. அருகிலேயே ‘ஏ.சி. கார்ட்ஸ்’ இருக்கிறது. அன்றாடம் அவ்வழியே செல்வோரில் எத்தனை பேருக்கு அந்த ஏ.சி., ஆப்பிரிக்கக் குதிரைப்படை என்பதன் சுருக்கம் என்பது தெரியும்? நிஜாமின் காவற்படையில் பணியாற்றிய சித்திக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அப்பகுதியில் வாழ்கிறார்கள். ஊர்ப்பெயரில் இரண்டு எழுத்தாகச் சுருங்கிய அவர்களது குதிரையறிவு, நகரத்தின் இன்றைய குதிரையேற்றப் பண்பாட்டில் எங்கும் பேசப்படுவதில்லை.

முதல் உலகப்போரில் ஐதராபாத், ஜோத்பூர், மைசூர் ஆகிய சமஸ்தானங்களின் லான்சர் படைகள் ஒரே குதிரைப்படைப் பிரிவில் பாலஸ்தீனத்தில் பணியாற்றின. தில்லி தீன் மூர்த்தி நினைவிடத்தின் மூன்று சிலைகள் அம்மூன்றையும் குறிப்பவை. சிலைகள் படைவீரர்களுக்கு. அவர்களது குதிரைகளுக்குத் தீனி வைத்த சாயிஸ்கள் அன்றைய இராணுவ ஆவணங்களில் ‘பின்தொடர்வோர்’ என்ற வகையில் அடங்குவர். சமையற்காரர், தண்ணீர் சுமப்போர், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்கும் அதே வகைதான். போர்க்களத்தில் குதிரைக்கு முன்னே நின்று கடிவாளம் பிடித்தவருக்குப் ‘பின்தொடர்பவர்’ என்று பெயரிட்ட அந்த மனநிலையே, இன்றைய போட்டித் தாளில் அவருக்கு ஒரு நெடுவரிசைகூட இல்லாமல் செய்திருக்கிறது.

இங்கு இரண்டு தரப்பினரோடு வாதிட வேண்டியுள்ளது. ஒரு தரப்பு கல்விப்புலத்தில் இருக்கிறது. குதிரையேற்றம் மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு, அதைப் பற்றி எழுதுவதே வீண் என்பது அவர்களது நிலைப்பாடு. கேட்பதற்கு முற்போக்காக ஒலிக்கும் இந்நிலைப்பாடு, மேட்டுக்குடியின் கண்ணாலேயே லாயத்தைப் பார்க்கிறது. குதிரையின் முதுகில் இருப்பவர் மட்டுமே அங்கு இருக்கிறார் என்று எண்ணினால்தான் அது மேட்டுக்குடி வெளியாகத் தோன்றும். கீழே நிற்பவரை எண்ணிக்கையில் சேர்த்தால், அது உழைப்பின் வெளி; தலைமுறைகளாகக் கைமாறும் அறிவின் வெளி. நெசவையும் மீன்பிடித்தலையும் பானை வனைதலையும் பற்றித் தொழிற்சொல் திரட்டுகள் செய்த பல்கலைக்கழகங்கள் லாயத்துக்குள் நுழையாததற்கு, பணக்காரர் மீதான வெறுப்பைக் காரணமாகக் காட்ட முடியாது. அந்த வெறுப்பின் விலையைக் கொடுப்பவர் சாயிஸ்தான்.

இத்துறையில் மொழியியலுக்கு வேலை நிறைய இருக்கிறது. தமிழில் குதிரை, பரி, புரவி, மா, இவுளி என்று பெயர்கள் பல. குதிரைக்குக் கன்னடத்தில் ‘குதுரெ’; தெலுங்கில் ‘குர்ரமு’. இவுளி என்ற சொல்லுக்கு இணையாகப் பிராகுயி மொழியில் ஒரு சொல் இருப்பதைத் திராவிட வேர்ச்சொல் அகராதி காட்டுகிறது. இராவுத்தர் என்னும் சொல் குதிரைவீரரைக் குறித்துப் பின்னர் ஒரு சமூகத்தின் பெயராயிற்று. தெலுங்கில் ‘ரௌத்து’ இன்றும் குதிரை ஏறுபவரே. இவையெல்லாம் வகுப்பறையில் சொல்லப்படுகின்றன. ஆனால் ஐதராபாத் லாயங்களில் தக்கினியும் தெலுங்கும் இந்தியும் கலந்து வழங்கும் இன்றைய தொழில்மொழி, அதாவது குதிரையின் மனநிலையை, நொண்டலின் வகையை, தோலின் பளபளப்பை, சாணத்தின் பதத்தைக் குறிக்கும் சொற்கள், யாருடைய களப்பணிக் குறிப்பேட்டிலும் ஏறவில்லை. ஏறுபவருக்கு ‘வாக்’, ‘ட்ராட்’, ‘கேன்டர்’ என்று அச்சிட்ட பாடநூல் இருக்கிறது. சாயிஸின் அறிவு அவரோடு ஊர் திரும்பிவிடுகிறது.

தமிழிலேயே ஒரு சான்று உண்டு. வட இந்தியாவில் சாயிஸ் என்றும், பம்பாயில் கோடாவாலா என்றும் வழங்கப்பட்டவரைச் சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் ‘ஹார்ஸ்கீப்பர்’ என்றார்கள். தமிழில் அவர் ‘குதிரைக்காரர்’. ‘காரர்’ என்ற விகுதி உடைமையையும் குறிக்கும், தொழிலையும் குறிக்கும். வீட்டுக்காரர் என்றால் உரிமையாளர். தோட்டக்காரர் என்றால் உழைப்பவர். குதிரைக்காரர் என்னும்போது மக்கள் வழக்கு குதிரையை அதைப் பேணுபவருக்கே கொடுத்தது. அதில் ஏறுபவர் எசமானராக இருக்கலாம், குதிரைக்காரர் வேறொருவர். போட்டி விதிகளுக்குத் தெரியாத ஒன்று மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது தரப்பு அமெச்சூர்களே. “நாங்கள் பணத்துக்காகச் செய்யவில்லை, குதிரை மீதுள்ள அன்புக்காகச் செய்கிறோம்” என்பது அவர்களது விடை. அதில் உண்மை உண்டு. ஆயினும், கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் வாயை மூடுவதும் குதிரைக்கு மட்டுமே உரிய குணமாகப் பழமொழி சொல்லிவிட்டது. மனிதருக்கும் அது பொருந்தும். அன்பின் இனிய பகுதிக்கு வருபவர்கள் அதன் கடமைப் பகுதிக்கு வரவில்லை என்றால், அந்த அன்பை எதைக் கொண்டு அளப்பது? சாணம் அள்ளுபவர் கூலிக்காகச் செய்கிறார், ஆகவே அது அன்பில்லை. ஏறுபவர் கட்டணம் செலுத்திச் செய்கிறார், ஆகவே அது அன்பு என்றால், அன்பு என்பது இங்கு வங்கிக் கணக்கின் திசையைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. பணம் உள்ளே வந்தால் தொழில், வெளியே போனால் நேசம்.

இதன் விளைவு குதிரையின் முதுமையில் தெரியும். இந்தியாவில் அமெச்சூர்கள் ஏறிப் பழகும் குதிரைகளில் பல, பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்ட தரோபிரெட் இனத்தவை. பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கும். சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். அதன் ஆயுளோ இருபத்தைந்து ஆண்டு, சில வேளை அதற்கும் மேல். நடுவில் உள்ள நீண்ட காலத்துக்கு யார் பொறுப்பு? 2025ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் ஐதராபாத்திலிருந்து 57 குதிரைகள் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர் அருகே கொண்டு செல்லப்பட்டன. கோடை வெயிலில் நிகழ்ந்த அந்தப் பெயர்ச்சிக்குப் பின் சில மாதங்களுக்குள் அவற்றில் பத்துக்கும் மேற்பட்டவை இறந்தன. வழக்கு அம்மாநில உயர் நீதிமன்றம் வரை சென்றது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் ஒரு நகரத்தில் குதிரையை நேசிப்போர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் சமூகம் ஒன்று இருக்க, அதே நகரத்திலிருந்து 57 குதிரைகள் வெளியேறுவது அச்சமூகத்தின் கேள்வியாக ஆகவில்லை என்றால், நேசம் என்ற சொல்லை அது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆம் பிரிவு, முதன்முறைக் குற்றத்துக்கு விதிக்கும் தண்டம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான். சட்டத்தை நம்பியிருக்க இயலாத இடத்தில் பொறுப்பு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

குதிரையை வாங்கத் தெரிந்து பேணத் தெரியாத நிலை தென்னாட்டுக்குப் புதிதன்று. பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கடல்வழியே பெரும் விலைக்கு வாங்கப்பட்ட குதிரைகள் பேணும் முறை அறியாததால் மடிந்ததாகவும், குதிரை மருத்துவம் அறிந்தவர்கள் அங்குச் செல்லாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டதாகவும் குறிப்பிடுகிறார். அவர் சொன்னதில் மிகை இருக்கலாம். ஆயினும் தருக்கம் தெளிவானது: பேணும் அறிவு பரவாத வரையில், புதிய குதிரைக்குத் தேவை ஓயாது. இன்றும் குதிரை விலைகொடுத்து வாங்கப்படுகிறது. அறிவு குறைந்த கூலிக்கு வாடகைக்கு எடுக்கப்படுகிறது.

சென்னைப் பந்தயம் தொடர்பாக 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, குதிரைப் பந்தயத்தைத் திறன்சார்ந்த விளையாட்டு என்றது. பயிற்சியால் குதிரை பெறும் வேகமும் தாங்குதிறனும் அதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்டன. அப்படியானால், அந்தத் தாங்குதிறனை அன்றாடம் காப்பவரின் வேலையும் திறனே. நீதிமன்றத்தின் தருக்கத்தை அதன் இயல்பான முடிவுக்குக் கொண்டுசென்றால், சாயிஸ் அந்த விளையாட்டின் உறுப்பினர். அதன் வேலையாள் மட்டுமல்லர்.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. முதலாவது, அமெச்சூர் போட்டிகளின் நுழைவுப் படிவத்திலும் முடிவுத் தாளிலும் குதிரையைப் பேணுபவரின் பெயர் கட்டாயமாக இடம்பெற வேண்டும். பெயர் போட்டால் கூலி உயருமா என்று கேட்பார்கள். உடனே உயராது. ஆனால் பத்துப் போட்டிகளில் நல்ல நிலையில் வந்த குதிரைகளைப் பேணியவர் என்று தாள் சான்று கூறினால், அடுத்த வேலைக்குப் பேரம் பேச அவரிடம் ஓர் ஆவணம் இருக்கும். பெயரற்றவருக்குப் பேரம் பேசும் ஆற்றல் இல்லை. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு சிறந்த பராமரிப்பாளருக்கு விருது வழங்குகிறது; ஆண்டுக்கு ஒருவருக்கு விருது என்பதைவிட ஒவ்வொரு தாளிலும் ஒரு வரி பெரிது.

இரண்டாவது, குதிரையின் நிலைக்கு மதிப்பெண் வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்ல இயலாது. நெடுந்தொலைவுக் குதிரையோட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் கால்நடை மருத்துவர் சோதிக்கிறார். குறித்த நேரத்துக்குள் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64க்குள் இறங்காவிட்டால், முதலில் வந்த குதிரையும் வெளியேற்றப்படும். அங்கே குதிரையைக் குளிர்வித்து நிதானப்படுத்துபவரின் கை, வெற்றியில் நேரடியாகப் பங்கு பெறுகிறது. சிறிய அமெச்சூர் போட்டியிலும் குளம்பு, முதுகு, உடற்கட்டு ஆகியவற்றை ஒரு மருத்துவர் பத்து நிமிடம் பார்த்து மதிப்பிடலாம். ஏறுபவர் அப்போது தம் குதிரையின் குளம்பைத் தாமே தூக்கிக் காட்டட்டும். வேலைக்குச் செல்லும் பெரியவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை என்பது மறுப்பாக வரும். நேரம் இல்லாதவர் ஏறலாம், கற்கலாம். குதிரையோடு போட்டியிடுபவர் என்ற பெயரை மட்டும் கோர வேண்டாம்.

மூன்றாவது, சாயிஸ்கள் அமெச்சூர் பிரிவில் போட்டியிட வழி திறக்க வேண்டும். அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகள், பராமரிப்புப் பணிக்குக் கூலி பெறுவதாலேயே ஒருவர் அமெச்சூர் தகுதியை இழப்பதில்லை என்கின்றன. ஏறுவதற்கும் பயிற்றுவிப்பதற்கும் பணம் பெறுவதே தடை. இங்கே விதிப்புத்தகத்தைவிட நுழைவுக் கட்டணமும் காலணியும் தலைக்கவசமும் எசமானரின் ஒப்புதலும்தான் வாசலை அடைத்து நிற்கின்றன. சாயிஸ் போட்டியிட்டால் எப்போதும் அவரே வெல்வார், அது நியாயமா என்று ஒருவர் கேட்கக்கூடும். இந்தக் கேள்வியைக் கேட்பவர், குதிரையை நன்கு அறிந்தவர் யார் என்பதற்கு விடை சொல்லிவிட்டார்.

இந்தியா 1982 தில்லி ஆசியப் போட்டியில் குதிரையேற்றத்தில் தங்கம் வென்றது. பிறகு ஹாங்சோவில் 2023இல்தான் மீண்டும் வென்றது. இரண்டாவது வெற்றி, ஐரோப்பாவில் தங்கிப் பயின்ற இளைஞர்களாலும் அங்குள்ள குதிரைகளாலும் வந்தது. பதக்கத்துக்கு அந்த வழி போதும். ஆனால் ஒரு நாட்டில் குதிரையோடு வாழும் பண்பாடு வளர்ந்திருக்கிறதா என்பதைப் பதக்கம் சொல்லாது. அதைச் சொல்ல, மொயினாபாத்திலோ மலக்பேட்டையிலோ ஒரு லாயத்தில், மாலை வெயில் தாழ்ந்த பிறகு குதிரைமசால் கட்டைப் பிரித்து வைக்கும் மனிதரின் பெயர் அந்தக் குதிரையில் ஏறுபவருக்குத் தெரியுமா, அவர் பெயரைப் போட்டித் தாளில் எழுத அவருக்குக் கை வருமா என்று பார்த்தால் போதும்.